கிற்றாரின் பூர்வீகமும் எமது கடமையும்

வாத்தியங்களுக்கும் குலமும் கோத்திரமும் கேட்பது எமது நாட்டு வழக்கம். கோயில் வாயிலில் நாதஸ்வரம் மங்கள வாத்தியம் எனப் போற்றப்படுகின்றது. பஜனை மடத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உரிமையோடு அமர்ந்திருக்கின்றன. மரண வீட்டுக்கும் காமன் கூத்துக்கும் தப்பு அழைக்கப்படுகின்றது. இவ்வரிசையில் இடம் கிடையாமல் வெளியே நிற்பது கிற்றார் ஒன்றே.

ரம்புக்கனைப் பகுதித் தோட்டங்களில் இளைஞர் பலர் இன்று கிற்றாரை விரும்பிப் பயில்கின்றனர். ஆயினும் சங்க விழா என்றதும் பெரியோர் சிலரின் முகம் சுருங்குகின்றது. "அது பைலா வாத்தியம், வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, சுவாமி படத்தின் முன்னே அதற்கு என்ன வேலை?" என்பது அவர்தம் கேள்வி. இளைஞர் சிலரோ தப்பைக் கண்டு வெட்கி, கிற்றார் ஒன்றே நாகரிகத்தின் அடையாளம் என எண்ணுகின்றனர். இவ்விரு கருத்துக்களும் சரித்திரத்தின் முன்னிலையில் நிலைத்து நிற்குமா என ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த நாடும் பிள்ளைப் பருவமும்

இன்று நாம் காணும் ஆறு நரம்புக் கிற்றார், பிறந்த அன்றே இவ்வுருவில் பிறந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில் இரு வாத்தியங்கள் உடன்பிறந்தார் போல வாழ்ந்தன. மூத்தது விகுவேலா, இளையது கிற்றார். விகுவேலாவுக்கு ஆறு நரம்பு இணைகள், கிற்றாருக்கு நான்கே. இணை என்பது ஒரே சுருதியில் அல்லது மேல்-கீழ் ஸ்தாயியில் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட இரண்டு நரம்புகளாகும். நரம்பு என்ற சொல்லை ஈண்டு உவமையாக வழங்கவில்லை. ஆட்டுக் குடலை முறுக்கி உலர்த்திச் செய்த மெய்யான நரம்புகளே அக்காலத்தில் கட்டப்பட்டன. கழுத்திலுள்ள மெட்டுக்களும் அதே நரம்பைச் சுற்றிக் கட்டியவையே. எமது வீணையில் மெட்டுக்கள் மெழுகில் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். அவற்றிலோ, வேண்டும்போது நகர்த்திச் சுருதியைச் செம்மை செய்துகொள்ளலாம்.

விகுவேலா அரண்மனைக்கு உரியது. லூயிஸ் மிலான் என்பவர் 1536இல் வலென்சியா நகரில் அதற்கென ஒரு பாடநூலை அச்சிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1546இல், செவில் நகரில் அலொன்சோ முடாரா வெளியிட்ட நூலிலே விகுவேலாவுக்குரிய பல உருப்படிகளுக்கிடையே நான்கு இணைக் கிற்றாருக்கென ஆறு உருப்படிகள் இடம்பெற்றன. கிற்றாருக்கென உலகில் முதன்முதல் அச்சேறிய இசை அவ்வாறும் தான். 1554இல் கண்பார்வையற்ற இசைவாணரான மிகேல் தே புவென்லியானா வெளியிட்ட நூலிலும் கிற்றாருக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டு, 1555இல், குவான் பெர்முடோ என்னும் துறவி வாத்தியங்களைப் பற்றி எழுதிய பெருநூலில், விகுவேலாவின் முதலாம், ஆறாம் இணைகளைக் கழற்றிவிட்டால் கிற்றார் ஆகிவிடும் என்று எளிமையாக விளக்கினார்.

இந்நூல்களில் இசையை எழுதிய முறை நாம் அறியத்தக்கது. நரம்புகளைக் குறிக்கக் கோடுகள் இழுத்து, விரல் வைக்க வேண்டிய மெட்டின் இலக்கத்தை அக்கோட்டின் மேல் எழுதினர். சங்கீத சாத்திரம் கல்லாதவனும் கோட்டையும் இலக்கத்தையும் பார்த்து வாசித்துவிடலாம். பின்னர் கிற்றாருக்கு ஐந்தாவது இணை சேர்ந்தது. 1596இல் பார்சலோனா நகரில் அச்சான குவான் கார்லெஸ் அமாத் என்னும் வைத்தியரின் சிறுநூல், ஐந்து இணைக் கிற்றாரில் சுரக்கூட்டுக்களைப் பிடித்து விரல்களால் வீசி மீட்டும் முறையைப் பாமரருக்கும் புரியும்படி கற்பித்தது. 1606இல் இத்தாலியரான மொன்தேசார்தோ ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் ஓர் எழுத்தை இட்டு நூல் வெளியிட்டார். பாட்டின் அடிகளுக்கு மேலே எழுத்துக்களை எழுதினால் போதும், பக்கவாத்தியம் ஆயத்தமாகிவிடும். இன்று எமது இளைஞர் பாட்டுப் புத்தகங்களில் காணும் எழுத்துக் குறிகளுக்கு மூதாதை இதுவே எனலாம்.

கற்பது எளிதானதும் ஏழைகளின் கையில் கிற்றார் ஏறிற்று. ஏறியதும் கண்டனமும் பிறந்தது. 1611இல் கோவாரூபியாஸ் என்னும் ஸ்பானிய அறிஞர் தொகுத்த பேரகராதியிலே, விகுவேலா பயில்வோர் அருகி வருவதை எண்ணி வருந்தினார். கிற்றாரை மாட்டின் கழுத்து மணிக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். அதை வாசிக்கத் தெரியாத குதிரைக்காரப் பையனே இல்லை என்றும் எழுதிவைத்தார். பெரியோர்களே! கிற்றாரைக் குறித்து இன்று எமது சங்கத்தில் எழும் முணுமுணுப்பு, அது பிறந்த நாட்டிலேயே நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்துவிட்டது. குற்றச்சாட்டும் ஏறத்தாழ ஒன்றே: எளிதில் கைவருவது, எளியோர் கையில் இருப்பது.

ஆயினும் வாத்தியம் தாழ்ந்துவிடவில்லை. 1674இல் சரகோசா நகரில் காஸ்பார் சான்ஸ் வெளியிட்ட நூல், தெருவிலே ஒலித்த நடன மெட்டுக்களை எடுத்து நுட்பமான உருப்படிகளாக்கிற்று. கொர்பெத்தா, தே விசே ஆகியோர் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் அரண்மனையில் அதனை ஒலிக்கச் செய்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இணை நரம்புகள் நீங்கி, ஆறு தனி நரம்புகள் நிலைபெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தோனியோ தே தோர்ரெஸ் (1817–1892) என்னும் ஸ்பானியத் தச்சர் உடலைப் பெரிதாக்கி, உள்ளே விசிறி போல் சட்டங்கள் பொருத்தி, இன்றைய கிற்றாரின் உருவை நிலைநாட்டினார். குதிரைக்காரனின் வாத்தியம் மகாசபைகளின் வாத்தியமாயிற்று.

ஈழத்துக் கரைக்கு வந்த வழி

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்கள் இவ்வாத்திய வகையை வயோலா என்று அழைத்தனர். திகதி பொறிக்கப்பட்டு எஞ்சியிருக்கும் மிகப் பழைய கிற்றார்களுள் ஒன்று, பெல்சியோர் தியாஸ் என்பவர் 1581இல் லிஸ்பன் நகரில் செய்தது. இன்று லண்டன் இராச சங்கீதக் கல்லூரியின் நூதனசாலையில் உள்ளது. மார்போடு அணைத்துக்கொள்ளத்தக்க சிறு கருவி அது.

இங்கே ஒரு வியப்பான தொடர்பைக் கூறாதிருக்க முடியவில்லை. மேற்கூறிய லூயிஸ் மிலான் தமது 1536ஆம் ஆண்டு நூலைப் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவானுக்கே சமர்ப்பித்தார். அதே மன்னனின் அரண்மனைக்குத் தான் கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உருவச்சிலையை அனுப்பினான். 1543இல் லிஸ்பனில் அச்சிலைக்கு முடிசூட்டப்பட்டது. கோட்டைத் தந்தச் சிற்பிகளும் மேல்நாட்டு வித்துவான்களைத் தம் உளியால் அறிந்திருந்தனர். லண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையிலுள்ள தந்தப் பேழை ஒன்றில், ஜேர்மானிய ஓவியர் டியூரர் 1514இல் வரைந்த பைக்குழல் வாசிப்போன் எமது நாட்டுச் சிற்பியால் செதுக்கப்பட்டுள்ளான்.

இத்தொடர்பு இனிமையானது மட்டுமன்று, இரத்தம் தோய்ந்ததுமாகும். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும், 1622இல் திருக்கோணேஸ்வரமும் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டன. எமது சப்பிரகமுவாவும் தப்பவில்லை. இரத்தினபுரி மகா சமன் தேவாலயமும் அவர்களால் அழிக்கப்பட்டது. வாளேந்திய போர்த்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்தி நிற்கும் கற்சிற்பத்தை இன்றும் அங்கே காணலாம். கேகாலைப் பகுதியில் மெனிக்கடவரையில் அவர்கள் கோட்டை கட்டிப் படை நிறுத்தினர். கண்டிக்குப் படையெடுத்த வழி எமது மலையடிவாரங்களை ஒட்டியே சென்றது. கோயிலை இடித்தவனின் வாத்தியம் எமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்பாராயின், அக்கேள்வியின் வேதனையை அலட்சியம் செய்தல் தகாது.

ஆனால் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. தளபதிகள் போயினர், கோட்டைகள் கைமாறின. வாத்தியமோ இங்கேயே தங்கிற்று. யார் கையில் தங்கிற்று? இந்நாட்டுப் பெண்களை மணந்து வாழ்ந்த எளிய போர்த்துக்கேயரின் மக்கள் கையில் தங்கிற்று. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொணரப்பட்டவர்களின் சந்ததியாரிடையே அவ்விசை தங்கிற்று. மட்டக்களப்பில் தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களால் பிழைத்த பறங்கியர், தம் கலியாண வீடுகளில் வயலின், வயோலா, மேளம் ஆகியவற்றுடன் கப்ரிஞ்ஞா என்னும் ஆட்டத்தை இன்றளவும் ஆடி வருகின்றனர். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பையடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள், போர்த்துக்கேய மொழிச் சொற்கள் கலந்த மஞ்ஞா பாடல்களைப் பாடுகின்றனர். கோயிலை இடித்தோர் இவர்களல்லர். இவர்களும் எம்மைப் போலவே பிறர் ஏற்றிய கப்பலில் வந்தவர்கள். அல்லது பிறர் விட்டுச்சென்ற கரையில் நின்றவர்கள்.

இந்தக் கப்ரிஞ்ஞாவின் வழி வந்ததே பைலா. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயர். பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் (1914–1985) சிங்கள மொழியில் அதற்குப் புதுவாழ்வு அளித்தார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996) முதலியோர் மூன்ஸ்டோன்ஸ் என்னும் குழுவின் மூலம் மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசையில் நிலைபெறச் செய்தனர். தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசைப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றனர். பைலாவின் தாளம் ஆறு எண்ணிக்கையில் நடப்பது. எமது தாய்மார் கும்மியடிக்கும் திஸ்ர நடைக்கு அது வெகுதூரத்து அந்நியம் அன்று. இரண்டையும் கைதட்டிப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர்.

கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர்

தோட்டத்து மக்களாகிய எமக்கு மிக நெருக்கமான ஓர் அத்தியாயமும் இச்சரித்திரத்தில் உண்டு. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் திகதி, ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுத் துறையை அடைந்தது. போர்த்துக்கலுக்குரிய மடைராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் வந்த நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தனர். எமது பாட்டன்மார் தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் புறப்பட்ட அதே நூற்றாண்டு அது. அக்கப்பலில் வந்தோருள் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், யோசே தோ எஸ்பீரித்தோ சாந்தோ என்னும் மூவர் தச்சர்கள். அவர்கள் தம் ஊரின் நான்கு நரம்புச் சிறுவாத்தியமாகிய மசேத்தேயை ஹவாயில் செய்து விற்றனர். அதுவே யுகலேலி என்னும் பெயரில் அத்தீவின் தேசிய வாத்தியமாயிற்று.

அதே தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், யோசேப் கெகுகு என்னும் வாலிபர் கிற்றாரை மடியில் கிடத்தி, உருக்குத் துண்டொன்றை நரம்பின் மேல் வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை வளர்த்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் கமகம் அதில் இயல்பாகவே அமைந்தது. 1940களில் டாவ் மோ என்னும் ஹவாய் இசைவாணரின் குடும்பம் கல்கத்தாவில் தங்கி அம்முறையைப் பரப்பிற்று. வட இந்திய வித்துவான்கள் அதனை இராக சங்கீதத்துக்கு இசைவித்தனர். விஸ்வ மோகன் பட் அதனை மோகன வீணையாக்கி, 1994இல் அமெரிக்காவின் கிராமி விருதைப் பெற்றார். கூலிக் கப்பலில் பயணம் செய்த ஒரு வாத்தியக் குடும்பம் இராகம் பாடும் வீணையாகி நிற்பதைப் பார்க்கின்றோம். தொழிலாளியின் மூட்டையில் வருவது கந்தல் மாத்திரமன்று. கலையுமாகும் என்பதற்கு இதனைவிட நற்சான்று வேறென்ன வேண்டும்?

அந்நியம் எது? சொந்தம் எது?

அந்நிய வாத்தியம் என்று கிற்றாரைத் தள்ளுவோர் பிடிலை நோக்குக. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த வயலினைப் பாலுசுவாமி தீக்ஷிதர் (1786–1858) கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொணர்ந்தார். தஞ்சை வடிவேலு திருவாங்கூர் அரசவையில் அதற்குப் பெருமை தேடித் தந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

எமது பஜனை மடத்து ஆர்மோனியத்தையும் நோக்குக. 1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவியின் சந்ததி அது. அகில இந்திய வானொலி 1940இல் அதனை அந்நியம் என்றும், கமகத்துக்கு ஒவ்வாதது என்றும் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அத்தடை தளர்ந்தது. எமது தோட்டத்துப் பஜனைக்காரர் அத்தடையைப் பொருட்படுத்தவில்லை. மிஷன் பாடசாலையின் காலைத் தொழுகையில் கால்மிதி ஆர்கனைக் கேட்டும், மாலையில் மடத்தில் ஆர்மோனியத்தைக் கேட்டும் வளர்ந்தவன் யான். அவ்விரண்டும் ஒரே வம்சத்துப் பிள்ளைகள். ஒன்று ஞானகீதத்துக்கும் மற்றொன்று திருப்புகழுக்கும் பணி செய்கின்றது. வாத்தியத்துக்கு மதம் ஏது? அதை மடியில் வைத்திருப்பவனின் உள்ளத்துக்கன்றோ மதம்!

மொழியையும் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், சாவி, சப்பாத்து, பாண் யாவும் போர்த்துக்கேயர் தந்த சொற்களே. பாணை உண்டு, கதிரையில் அமர்ந்து, கிற்றார் அந்நியம் என்று தீர்மானம் நிறைவேற்றுவது பொருந்துமா?

இது கேட்டு இளைஞர் மகிழ்ந்துவிட வேண்டா. இனி அவர்களுக்கும் சில சொல்ல வேண்டியுள்ளது. வந்ததை ஏற்பது பெருமை. இருந்ததை இழப்பது சிறுமை. பண்ணைப்புரத்து இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிற்றார் பரீட்சையில் தேறியவர். ஆயினும் 1976இல் "அன்னக்கிளி" மூலம் தமிழுலகம் அவரை அறிந்தது கிராமத்து மெட்டுக்களால் அன்றோ? கிற்றார் அவருக்குக் கருவியாயிற்று. மண்ணின் பாட்டு அவருக்குப் பொருளாயிற்று. பொருளின்றிக் கருவி மட்டும் கையிலிருந்து பயன் என்ன?

எழுதி வைத்தோரும் எழுதாது விட்டோரும்

இச்சரித்திரத்தின் உயிர்நாடி யாது என யோசிக்கின், எழுதி வைத்தல் என்றே தோன்றுகின்றது. 1546இல் முடாரா ஆறு உருப்படிகளை அச்சேற்றியிராவிடின், நான்கு இணைக் கிற்றாரின் அச்சுச் சரித்திரம் அங்கே தொடங்கியிராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஹியூ நெவில் போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களைத் தேடிச் சேர்த்திராவிடின், மட்டக்களப்பு முதலிய இடங்களில் ஒலித்த பழைய பாடல்கள் பல காற்றோடு போயிருக்கும். அக்கையெழுத்துக்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

எமது பழைய நரம்பு வாத்தியத்துக்கு நேர்ந்ததை எண்ணுக. பேரியாழ் 21 நரம்பு, செங்கோட்டியாழ் 7 நரம்பு என்று அடியார்க்குநல்லார் உரையிலே எழுதி வைத்தார், வாத்தியமோ மறைந்தது. எழுதி வைத்த சொற்களைத் துணைக்கொண்டே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) பல்லாண்டுகள் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். அவரும் மிஷன் பாடசாலைகளில் பயின்றவரே என்பதை ஈண்டு நினைவூட்டுதல் பொருந்தும். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிசையிலிருந்து பிரிக்கவில்லை. ஆராயும் கருவியை அவர் கையில் கொடுத்தது.

தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்த பெருமை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்களைச் சாரும். அவருக்குப் பின்னரும் சிலர் உழைத்துள்ளனர். எனினும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய தாலாட்டு, ஒப்பாரி, காமன் பாட்டு, கொழுந்தெடுக்கையில் பாடியவை, இறப்பர் பால் வெட்டும் விடியலில் முணுமுணுத்தவை ஆகியவற்றுள் எத்தனை ஏட்டில் ஏறின? தப்பின் அடிகளுக்குப் பெயருண்டு. எந்தச் சடங்குக்கு எந்த அடி என்ற முறை உண்டு. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுக்காண்டு எம்மை விட்டுப் பிரிகின்றனர். கிற்றார் மேடைக்கு வருமா வராதா என்னும் வழக்கு இன்றில்லாவிடின் நாளை தீரும். ஒரு கிழவியோடு சிதையேறிய பாட்டு எந்நாளும் திரும்பாது.

ஆதலால் சங்கத்தார் முன் இரு விண்ணப்பங்களை வைக்கின்றேன். முதலாவது, விழா மேடையில் கிற்றாருக்கு இடம் கொடுக்க. ஆனால் அதனருகே தப்புக்கும் சமமான இடம் கொடுக்க. சுவாமி சந்நிதியில் ஆர்மோனியம் செய்யும் தொண்டைக் கிற்றாரும் செய்யட்டும். சினிமாப் பாட்டின் நிழலாக அன்று, எமது கும்மிக்கும் காவடிச் சிந்துக்கும் துணையாக. இரண்டாவது, அங்கத்தவர் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டையேனும் கேட்டு எழுதுக. பாடியவர் யார், எத்தோட்டம், எச்சந்தர்ப்பத்தில் பாடப்படுவது, எந்நாளில் கேட்கப்பட்டது என்பவற்றைப் பாட்டோடு சேர்த்துக் குறிக்க. நெவிலுக்குக் கிடையாத ஒலிப்பதிவுக் கருவி இன்று கைத்தொலைபேசியாய் எமது சட்டைப்பையில் இருக்கின்றது. மெட்டையும் அதில் பதிந்து வைக்க. கிற்றார் பயின்றோர் அம்மெட்டுக்களைச் சுரப்படுத்திக் கொடுக்க. அடுத்த ஆண்டு மலரில் அப்பாடல்கள் அச்சேறட்டும்.

குதிரைக்காரனின் வாத்தியம் என்று இகழப்பட்டது உலகை வென்றது. கூலியின் பாட்டு என்று இகழப்படுவதும் ஒருநாள் மதிக்கப்படும். அந்நாளில் அதனைத் தேடி வருவோர்க்குக் காட்டுவதற்கு எம்மிடம் ஓர் ஏடாவது இருத்தல் வேண்டும். அந்த ஏட்டை எழுதத் தொடங்குவோமாக!